செல்லோ கன்செர்ட்டோக்களின் பழைய ஒலிப்பதிவுகள்: குமரி மாவட்ட ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரங்களில் மேற்கத்திய செவ்வியல் இசையைக் கேட்கத் தொடங்கியிருப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு வழிகளில் ஒன்றின் மூலம் வந்தவர்கள். ஆலயக் கொயரில் நான்கு குரல் பாட்டுப் பாடிப் பழகியவர்கள் ஒரு சாரார். கர்நாடக இசையில், குறிப்பாக வயலினில், தேர்ச்சியோ ஈடுபாடோ உள்ளவர்கள் இன்னொரு சாரார். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் பெரிய வாத்தியமான செல்லோ இவ்விரு சாராரையும் எளிதில் ஈர்த்துவிடுகிறது. ஆனால் எந்தப் படைப்பை, யார் வாசித்து, எந்த ஆண்டில் பதிவானதைக் கேட்பது என்ற குழப்பம் உடனே தொடங்கிவிடுகிறது. அதையொட்டித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

கன்செர்ட்டோ என்றால் என்ன?

தனி வாத்தியக் கலைஞர் ஒருவர் முழு வாத்தியக்குழுவோடு இணைந்தும், சில இடங்களில் அதனோடு வழக்காடியும் வாசிப்பதற்காக எழுதப்பட்ட நீண்ட படைப்பு அது. பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும். 20 நிமிடம் முதல் 40 நிமிடம் வரை நீளும். ஸ்வரங்கள் அனைத்தும் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதால், வாசிப்பவரின் மனோதர்மம் வேகத்திலும், வில்லின் அழுத்தத்திலும், நாதத்தின் நிறத்திலும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் விதத்திலும்தான் வெளிப்படுகிறது. ஒரே படைப்பின் பல பதிவுகளைக் கேட்பதில் இன்பம் இருப்பதற்கு அதுவே காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மரபைச் சேர்ந்த செல்லோ கன்செர்ட்டோக்கள் எவை?

ராபர்ட் ஷூமான் 1850இல் எழுதியது, கமீய் சேன்-சான்ஸ் 1872இல் எழுதிய முதலாவது கன்செர்ட்டோ, எதுவார் லாலோவின் 1877ஆம் ஆண்டுப் படைப்பு, அன்டோனின் த்வோர்ஷாக் 1894–95இல் எழுதியது, எட்வர்ட் எல்கரின் 1919ஆம் ஆண்டுப் படைப்பு ஆகியவை முதன்மையானவை. சாய்கோவ்ஸ்கியின் ‘ரொக்கோக்கோ வேரியேஷன்ஸ்’ இலக்கணப்படி கன்செர்ட்டோ ஆகாது என்றாலும், இசைத்தட்டுகளில் இவற்றோடு சேர்ந்தே வரும். எல்கரின் படைப்பு முதல் உலகப்போர் முடிந்தபின் எழுதப்பட்டது. அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மரபின் கடைசிக் குரலாகக் கொள்வதில் பிழையில்லை.

வயலினுக்கும் பியானோவுக்கும் எண்ணற்ற கன்செர்ட்டோக்கள் இருக்க, செல்லோவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

இந்தக் கேள்விக்கான விடையே பழைய பதிவுகளைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் என்பதால், சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செல்லோவின் குரல் ஆணின் குரலை ஒட்டியது. வயலின் வாத்தியக்குழுவுக்கு மேலே எழுந்து ஒலிக்கும்; பியானோ தன் தாக்கத்தாலேயே கேட்டுவிடும். செல்லோவோ ஹார்ன், கிளாரினெட் ஆகிய ஊதுகருவிகளும் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவும் நிறைந்திருக்கும் அதே நடுத்தளத்தில் பாடுகிறது. வடசேரி சந்தையில் நின்றுகொண்டு கனத்த, தாழ்ந்த குரலில் பேசுபவரின் நிலைதான் அதற்கு: சொல்வது நன்றாக இருக்கலாம், சுற்றிலும் உள்ளவர்கள் சற்று வாயடைத்தால்தான் காதில் விழும். த்வோர்ஷாக்கே நெடுங்காலம் செல்லோவைத் தனி வாத்தியமாக ஏற்கத் தயங்கினார். மேல் ஸ்தாயியில் மூக்கால் பேசுகிறது, கீழ் ஸ்தாயியில் முணுமுணுக்கிறது என்பது அவருடைய குறையாக இருந்தது. அவர் நியூயார்க்கில் நேஷனல் கன்சர்வேட்டரியின் இயக்குநராக இருந்தபோது, அங்கே ஆசிரியராக இருந்த விக்டர் ஹெர்பர்ட் என்ற செல்லோ கலைஞர் தம்முடைய இரண்டாவது கன்செர்ட்டோவை 1894இல் அரங்கேற்றினார். அதில் உரத்து ஒலிக்கும் ஊதுகருவிகளான டிராம்போன்கள் மூன்று இருந்தும் செல்லோ மூழ்கவில்லை. அதைக் கேட்ட த்வோர்ஷாக் அதே ஆண்டு நவம்பரில் தம்முடைய கன்செர்ட்டோவை எழுதத் தொடங்கினார்.

ஒவ்வொருவரும் இச்சிக்கலை ஒவ்வொரு விதமாகத் தீர்த்தார்கள். ஷூமான் வாத்தியக்குழுவின் கையைக் கட்டிப்போட்டார். எல்கர் பெரிய குழுவை வைத்துக்கொண்டும், செல்லோ பாடும்போது அதைப் பெரும்பாலும் இழையாக மெலியச் செய்தார். த்வோர்ஷாக் குழுவுக்கு முழு ஆர்ப்பாட்டத்தையும் கொடுத்துவிட்டு, செல்லோ வரும் இடங்களில் புல்லாங்குழலையோ கிளாரினெட்டையோ மட்டும் துணைக்கு அனுப்பினார். இவர்களுக்குப் பின் நான்காவதாக ஒருவர் வந்தார், அவர் ஒலிப்பதிவாளர். மைக்கை எங்கே வைப்பது என்று அவர் எடுக்கும் முடிவு, அரங்கில் ஒருபோதும் கிடைக்காத ஒரு சமநிலையை உருவாக்கிவிடுகிறது. இந்தக் கன்செர்ட்டோக்களைப் பதிவின் வழியாக மட்டுமே கேட்கும் நம்மைப் போன்றோர் அந்த முடிவையும் சேர்த்தே கேட்கிறோம் என்பதை நினைவில் வைத்தால், பதிவுகளை எடைபோடுவது எளிதாகிவிடும்.

முதன்முதலில் எதைக் கேட்கலாம்?

சேன்-சான்ஸின் முதலாவது கன்செர்ட்டோவை. வாத்தியக்குழு ஒரே ஒரு முறை ஓங்கி அடித்ததும் செல்லோ மடமடவென்று இறங்கி வருகிறது, காத்திருக்க வேண்டியதில்லை. பகுதிகளுக்கிடையே நிறுத்தம் இல்லாமல் சுமார் 20 நிமிடங்களில் முடிந்துவிடும். நடுவில் ஒரு மினுவெட் நடனம் வரும். அங்கே வயலின்களின் நாதம் அடக்கப்பட்டிருப்பதால் செல்லோ மிக மெல்லிய குரலில் பேசினாலும் தெளிவாகக் கேட்கும். பியர் ஃபூர்னியே, ஜான் மார்த்தினோன் நடத்திய லாமுரோ வாத்தியக்குழுவுடன் 1960இல் வாசித்த பதிவு நல்ல தொடக்கம். பலரும் பரிந்துரைப்பதுபோல த்வோர்ஷாக்கிலிருந்து தொடங்கினால், செல்லோ வாய் திறப்பதற்கு முன்பே மூன்றரை நிமிடத்துக்கு மேல் வாத்தியக்குழு தனியாக வாசிக்கும்; புதியவர் அதற்குள் கைப்பேசியில் வேறு எதையாவது பார்க்கப் போய்விடுவார்.

கர்நாடக இசை மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு இது ஒட்டுமா?

ஒட்டும், ஆனால் இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். முதலாவது, ஆதார சுருதி. இங்கே தம்புரா இல்லை. படைப்பு நகர நகர ஆதாரமே இடம் மாறுகிறது. த்வோர்ஷாக்கின் முதல் பகுதியில் ஹார்ன் தனியாகப் பாடும் இரண்டாவது ராகவடிவம் (தீம்) வரும்போது, ஒரு பெரிய வீட்டின் இருட்டு அறையிலிருந்து முற்றத்துக்கு வந்ததுபோன்ற உணர்வு உண்டாவதற்கு அந்த இடமாற்றமே காரணம். அதை ஸ்ருதிபேதமாக எண்ணிப் பதறாமல், கதை நகர்கிறது என்று எடுத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, கமகம். செல்லோவின் நான்கு தந்திகளும் ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ள தந்தியின் பஞ்சமமாகச் சுருதி சேர்க்கப்படுபவை. விரல்கள் நீண்ட தூரம் தாவ வேண்டியிருப்பதால் ஜாருவைப் போன்ற வழுக்கல் இயல்பாகவே வந்துவிடுகிறது. 1940ஆம் ஆண்டுக்கு முந்தைய பதிவுகளில் இது தாராளமாக இருக்கும். பிறகு வந்த தலைமுறை இதை ஓரளவு களைந்துவிட்டது. நம் காதுக்குப் பழைய வழக்கமே நெருக்கமாக இருக்கும் என்பது என் கருத்து. ஐரோப்பிய விமர்சகர்களில் சிலர் பழைய வழுக்கல்களைக் காலாவதியானவை என்று ஒதுக்கும்போது, கர்நாடக வயலின் கேட்டு வளர்ந்தவர் அவற்றை மிகையாக உணர்வதே இல்லை. (வில் என்றவுடன் வில்லுப்பாட்டு நினைவுக்கு வரும் ஊர் நம்முடையது. அங்கே வில்லை அடிக்கிறோம், இங்கே இழுக்கிறார்கள்.)

ஸ்பானிய செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸின் 1937ஆம் ஆண்டு த்வோர்ஷாக் பதிவை எல்லோரும் புகழ்கிறார்கள். அதில் இரைச்சல்தானே அதிகம் கேட்கிறது?

இரைச்சல் உண்டு. அதைத் தாண்டிக் கேட்பதற்கு ஐந்து நிமிடம் பொறுமை வேண்டும். அதன்பின் காது தானாகவே அதை ஒதுக்கிவிடும்.

த்வோர்ஷாக்கின் கன்செர்ட்டோவைக் காசல்ஸ் அந்த ஆண்டு ஏப்ரலில் பிராகா நகரில், செக் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு, ஜார்ஜ் ஸெல் நடத்தப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 60. அவருடைய ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது; பதிவு நடந்த செக்கோஸ்லோவாக்கியாவும் அடுத்த ஆண்டே துண்டாடப்பட்டது. இந்த வரலாற்றை அறிந்துதான் அந்தப் பதிவை ரசிக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் வாசிப்பில் உள்ள கடுமை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது இயல்பு.

அக்காலத்துப் பதிவுமுறையைத் தெரிந்துகொள்வது அதைவிடப் பயன் தரும். 78 சுழற்சி (நிமிடத்துக்கு 78 முறை சுழலும்) இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு முதல் ஐந்து நிமிடம் வரையே அடங்கும். ஒலி நேராக மெழுகுத் தட்டில் செதுக்கப்பட்டதால், பின்னர் வெட்டி ஒட்டும் வாய்ப்பே கிடையாது. ஒரு பக்கத்தில் பிழை நேர்ந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு நான்கு நிமிடத் துண்டும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்ட கச்சேரிதான். செல்லோ முதலில் நுழையும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே அந்நேரமே மனதில் தோன்றியதுபோல வாசிக்கும்படி த்வோர்ஷாக் குறிப்பு எழுதியிருக்கிறார். காசல்ஸ் அந்த வரியை அழகாகப் பாட முயல்வதில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தையும் வல்லெழுத்தை உச்சரிப்பதுபோல் அழுத்தி, சொற்பொழிவின் முதல் வாக்கியமாக ஆக்கிவிடுகிறார். தாளத்தை இழுத்து மீட்கும் அவருடைய வழக்கம் அடுத்த பக்கங்களில் தெரியும். ஓர் இடத்தில் எடுத்துக்கொண்ட காலத்தை அடுத்த வரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இணையத்தில் கிடைக்கும் சில பிரதிகளில் இரைச்சலை முற்றிலும் நீக்கியிருப்பார்கள். இரைச்சல் இருக்கும் அதே உயர் அதிர்வுகளில்தான் வில் தந்தியில் உராயும் ஓசையும் இருக்கிறது. ஒன்றை வழித்தெடுத்தால் மற்றதும் போய்விடும். எனவே சற்றுச் சரசரப்புள்ள பிரதியையே தேர்ந்தெடுங்கள்.

ஸ்டீரியோ காலத்தில் வந்த த்வோர்ஷாக் பதிவுகளில் எது சிறந்தது?

மூன்று பதிவுகளை வைத்துக்கொண்டு சண்டையிடுவது ரசிகர்களின் வழக்கம். பியர் ஃபூர்னியே பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு 1961இல் வாசித்தது ஒன்று. யானோஷ் ஸ்டார்க்கர், அந்தால் டோராட்டி நடத்திய லண்டன் சிம்பொனிக் குழுவோடு 1962இல் வாசித்தது இன்னொன்று. ம்ஸ்திஸ்லாவ் ரோஸ்ட்ரபோவிச், ஹெர்பெர்ட் ஃபான் கரயான் நடத்திய பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு 1968 செப்டம்பரில் பதிவு செய்தது மூன்றாவது.

ஃபூர்னியேயின் பதிவில் குழுவை நடத்தியவர், 1937இல் காசல்ஸுக்கு நடத்திய அதே ஜார்ஜ் ஸெல். இருபத்துநான்கு ஆண்டு இடைவெளியில் அவர் இறுக்கம் தளராமல், ஆனால் தெளிவு கூடியவராக இருப்பதைக் கேட்க முடிகிறது. சிறுவயதில் போலியோவால் கால் பாதிக்கப்பட்டதால் பியானோவை விட்டு செல்லோவுக்கு வந்தவர் ஃபூர்னியே. அவருடைய வில் ஒருபோதும் தந்தியை வதைப்பதில்லை. முதல் பகுதியின் நடுவில், முதல் ராகவடிவத்தையே செல்லோ மிக மெதுவாக, துயரத்தோடு பாட, புல்லாங்குழல் அதற்கு மேலே வேறொரு வரியைப் பின்னும் இடம் ஒன்று வருகிறது. பல பதிவுகளில் புல்லாங்குழல் வெறும் பின்னணியாகிவிடும். இங்கே இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். செல்லோ தன் குரலைத் தாழ்த்தி மற்றவருக்கு இடம்விடுகிறது. சமநிலையைப் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஸ்டார்க்கரின் பதிவை வெளியிட்ட மெர்க்குரி நிறுவனம், சில மைக்குகளை மட்டும் குழுவின் முன்னே தொங்கவிட்டு, பிறகு அளவுகளை மாற்றாமல் விட்டுவிடும் கொள்கையுடையது. அந்த ஆண்டுகளில் அது திரைப்பட ஒலிக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் காந்தப் படச்சுருளிலும் பதிவு செய்தது. அதனால் கீழ்த்தந்திகளின் கரகரப்பு உட்பட அனைத்தும் அப்பட்டமாகக் கேட்கும். ஸ்டார்க்கர் உணர்ச்சியை வெளிக்காட்டுவதில் சிக்கனமானவர். முதல் முறை கேட்கும்போது வறட்சியாகத் தோன்றலாம். சில மாதங்கள் கழித்துத் திரும்பினால், மற்றவர்கள் பூசிய சாயம் எவ்வளவு என்று தெரியவரும்.

ரோஸ்ட்ரபோவிச்–கரயான் பதிவுதான் உலகெங்கும் அதிகம் புகழப்படுவது. செல்லோவுக்கு மிக அருகில் மைக்கை வைத்து எடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரு மனிதரின் வாத்தியம் நூறு பேர் கொண்ட குழுவுக்கு ஈடாக ஒலிக்கிறது. காசல்ஸின் பதிவு 40 நிமிடத்துக்குள் முடிய, இது அந்த எல்லையைத் தாண்டி நிதானமாகப் போகிறது. பிரமிப்பு நிச்சயம். எனினும் எல்லாமே ஒரே பளபளப்பில் இருப்பதால், அடிக்கடி கேட்டால் திகட்டும். ஒரே ஒரு பதிவை வைத்துக்கொள்ளச் சொன்னால் ஃபூர்னியேயையே வைத்துக்கொள்வேன்.

த்வோர்ஷாக் கன்செர்ட்டோவின் முடிவு ஏன் நின்று நின்று போகிறது?

முதலில் அது அப்படி முடியவில்லை. 1895 பிப்ரவரியில் எழுதி முடித்த படைப்பை, தம் மனைவியின் அக்காள் ஜோசெஃபினா அதே ஆண்டு மே மாதம் இறந்ததும் த்வோர்ஷாக் மாற்றினார். இளமையில் த்வோர்ஷாக் காதலித்த பெண் ஜோசெஃபினாதான். அவருக்கு மிகவும் பிடித்த, த்வோர்ஷாக் இயற்றிய பாடல் ஒன்று இரண்டாம் பகுதியில் ஏற்கெனவே ஒலித்திருந்தது. புதிய முடிவில் அது தனி வயலினோடு சேர்ந்து திரும்பி வருகிறது. முதல் பகுதியின் வடிவமும் கிளாரினெட்டில் மங்கலாகக் கேட்கிறது. செல்லோ கலைஞர் ஹனுஷ் விஹான் தம் வித்தையைக் காட்ட ஒரு தனி ஆவர்த்தனத்தைச் சேர்க்க விரும்பியபோது, தம் அனுமதியின்றி ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றக்கூடாது என்று பதிப்பாளருக்கு த்வோர்ஷாக் கண்டிப்பாக எழுதினார். 1896 மார்ச்சில் லண்டனில் அரங்கேறியபோது வாசித்தவர் லியோ ஸ்டெர்ன். இந்தக் கடைசி நிமிடங்களில் அவசரப்படும் எந்தப் பதிவையும் நான் இரண்டாம் முறை கேட்பதில்லை.

அரங்கில் நேரடியாகப் பதிவானது சிறந்ததா, ஸ்டுடியோவில் பதிவானது சிறந்ததா?

ஒரே கலைஞரின் இரண்டையும் சில வார இடைவெளியில் ஒப்பிடும் வாய்ப்பு ஒன்று உண்டு. சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த 1968 ஆகஸ்ட் 21 அன்று மாலை, லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் சோவியத் அரசு சிம்பொனிக் குழுவின் கச்சேரி ஏற்கெனவே திட்டமிடப்பட்டிருந்தது. தனி வாத்தியம் ரோஸ்ட்ரபோவிச். படைப்போ செக் நாட்டவரான த்வோர்ஷாக்கின் கன்செர்ட்டோ. அரங்கில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. யெவ்கெனி ஸ்வெத்லானோவ் நடத்திய அந்த வாசிப்பு பிபிசியால் பதிவு செய்யப்பட்டது. அடுத்த மாதம் பெர்லினில் கரயானோடு அவர் வாசித்ததில் உள்ள பட்டுப்போன்ற வழவழப்பு இதில் அறவே இல்லை. வில் தடுக்குகிறது, வேகம் எகிறுகிறது, வாத்தியக்குழு சில இடங்களில் பின்தங்குகிறது. இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். பாடம் கற்க ஸ்டுடியோ பதிவும், அதன் பிறகு நேரடிப் பதிவும் என்ற வரிசை பொதுவாக நல்லது.

ஆங்கில செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயின் எல்கர் பதிவு மிகையாகப் புகழப்படுகிறதா?

புகழ் மிகை இல்லை. அதை மட்டுமே கேட்டுவிட்டு எல்கரை அறிந்துவிட்டதாக நினைப்பதுதான் மிகை.

எல்கரின் கன்செர்ட்டோ 1919 அக்டோபர் 27 அன்று லண்டனில், லண்டன் சிம்பொனிக் குழுவோடு ஃபீலிக்ஸ் சால்மண்ட் வாசிக்க, எல்கரே நடத்த அரங்கேறியது. அன்றைய கச்சேரியின் மற்ற உருப்படிகளை நடத்தியவர் ஒத்திகை நேரத்தைத் தின்றுவிட்டதால், வாசிப்பு சொதப்பியது. அந்தக் குழுவின் செல்லோ வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் ஜான் பார்பிரோலி, 1965 ஆகஸ்டில் அதே லண்டன் சிம்பொனிக் குழுவை நடத்த, இருபதே வயதான டு ப்ரே வாசித்தார். அந்தப் பதிவுதான் இப்படைப்பை உலகறியச் செய்தது. தொடக்கத்தில் செல்லோ தனியாக வாசிக்கும் கனத்த வரியை அவர் கிழித்துத் திறக்கிறார். அதன்பின் வயோலாக்கள் துணையேதுமின்றி மெல்லிய, தளர்ந்த நடையில் முக்கிய வடிவத்தைப் பாட, செல்லோ அதை வாங்கி உச்சிக்கு ஏற்றிச் செல்கிறது. வாத்தியக்குழு முழங்கும் அந்த உச்சியில் பார்பிரோலி அவசரப்படாமல் காத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தாமே செல்லோ கலைஞராக இருந்தவருக்குத்தான் அந்தப் பொறுமை வரும்.

இப்போது பியாட்ரிஸ் ஹாரிசன், எல்கரே நடத்த 1928இல் வாசித்த மின்பதிவை (மைக் வழியான பதிவை) கேளுங்கள். பல நிமிடங்கள் குறைவாகவே நீள்கிறது. துயரம் இருக்கிறது, அழுகை இல்லை. மெதுவான பகுதி ஒரு பாட்டைப்போல நடந்து போகிறது. இசையமைப்பாளரே ஒப்புக்கொண்ட வேகம் இது என்பதை நினைத்தால், டு ப்ரேயின் வாசிப்பு அவருடைய சொந்த வாசகம் என்பது விளங்கும். அவர் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்னும் நரம்பு நோயால் 1973இல் மேடையை விட்டு விலகியதும், 1987இல் 42 வயதில் மறைந்ததும் அந்தப் பதிவின் மேல் ஒரு நிழலைப் போட்டுவிட்டன. பதிவான அன்று அவர் நலமாக இருந்த இருபது வயதுப் பெண். அந்த ஆற்றலைக் கேட்பதே அவருக்கு நாம் செய்யும் நியாயம்.

ஷூமானின் கன்செர்ட்டோ மட்டும் மனதில் நிற்க மறுக்கிறதே?

பலருடைய அனுபவமும் அதுவே. மூன்று மெல்லிய அடிகளுக்குப் பிறகு செல்லோ உடனே பாடத் தொடங்கி, பகுதிகளுக்கிடையே கைதட்டக்கூட நேரம் தராமல் ஓடுகிறது. ஷூமான் அதைத் தம் வாழ்நாளில் மேடையில் கேட்கவில்லை. 1856இல் அவர் இறந்து, 1860இல்தான் அரங்கேறியது. நடுப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். அங்கே வாத்தியக்குழுவின் செல்லோ வரிசையிலிருந்து ஒருவர் தனியாக எழுந்து தனிக்கலைஞரோடு சேர்ந்து பாடுகிறார். அது பிடித்துவிட்டால் மற்றவை தாமாக வரும். ஸ்டார்க்கர், இசைநடத்துநர் ஸ்க்ரோவச்செவ்ஸ்கியோடு 1962இல் செய்த பதிவு தெளிவானது. காசல்ஸ் 1953இல் பிரான்சின் பிராட் நகர இசைவிழாவில் வாசித்ததில் அவருடைய முனகலும் சேர்ந்து கேட்கும். எனக்கு அது இடைஞ்சலாக இல்லை.

கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டால் போதாதா?

போதாது. செல்லோவின் கீழ்த்தந்தியின் அடிப்படை அதிர்வு சுமார் 65 ஹெர்ட்ஸ். மேல்தந்தியுடையது 220 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சிறு ஸ்பீக்கர் இந்த எல்லையில் ஏறக்குறைய ஊமை. மேலதிர்வுகளை வைத்து மூளை ஸ்வரத்தை ஊகித்துக்கொள்ளும், ஆனால் மரப்பெட்டியின் உடம்பு காணாமல் போய்விடும். நடுத்தர விலையிலுள்ள கம்பி இணைப்பு ஹெட்ஃபோனே பெரிய மாற்றத்தைத் தரும். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்பது இன்னொரு பெரிய மாற்றம். அதன் சீரான இரைச்சல், மென்மையாக வாசிக்கப்படும் வரிகளை விழுங்கிவிடும். மோனோ (ஒற்றைத்தட) பதிவுகளை ஒரே ஸ்பீக்கரில் கேட்பதால் எந்த நட்டமும் இல்லை.

பழைய இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்க்கலாமா?

நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஈரப்பதம் இன்னும் அதிகம். எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் வினைல்) தட்டுகளின் வரிகளுக்குள் பூஞ்சை படர்ந்தால் ‘டப் டப்’ என்ற ஓசை நிரந்தரமாகிவிடும். அட்டையை ஒட்டி நெருக்காமல் செங்குத்தாக நிறுத்தி, சுவரிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள அலமாரியில் வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த எல்.பி.யை வாலை வடிநீரால் (டிஸ்டில்டு வாட்டர்) துடைத்து நிழலில் உலர்த்தலாம். 78 சுழற்சித் தட்டுகள் அரக்கால் ஆனவை. அவற்றின் மேல் சாராயம் கலந்த எந்தத் திரவமும் பட்டால் அரக்கு கரைந்துவிடும். அவற்றுக்கு வேறு ஊசியும் தேவை. பொழுதுபோக்காகச் சேர்ப்பதானால் சேர்க்கலாம். இசைக்காக மட்டும் என்றால் செலவு வீண்.

இணையத்தில் ஒரே கலைஞரின் பெயரில் பல பதிவுகள் வருகின்றனவே, எப்படிப் பிரித்தறிவது?

கலைஞர், இசைநடத்துநர், ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். ரோஸ்ட்ரபோவிச் மட்டுமே த்வோர்ஷாக்கை 1952இல் தாலிக், 1957இல் போல்ட், 1968இல் கரயான், 1977இல் ஜூலினி, 1985இல் ஓசாவா ஆகியோருடன் பதிவு செய்திருக்கிறார். அட்டைப்படத்தை நம்ப வேண்டாம். ஒரே பதிவு பல அட்டைகளில் மறுபடி மறுபடி வெளிவருகிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே காசல்ஸின் 1937ஆம் ஆண்டுப் பதிவை யாரும் தயக்கமின்றிப் பகிர்ந்துகொள்ளலாம்.

இவற்றை நேரில் கேட்க வழி உண்டா?

மாவட்டத்துக்குள் முழு வாத்தியக்குழுவோடு கேட்பது இன்றைக்கு நடக்காத காரியம். 2006இல் தொடங்கப்பட்ட சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா மும்பையில் பருவந்தோறும் கச்சேரி நடத்துகிறது. பயணத்தை அதையொட்டி அமைத்துக்கொள்ளலாம். அரங்கில் முதன்முறை கேட்கும்போது செல்லோவின் ஓசை இவ்வளவு சிறியதா என்று தோன்றும். ஒலிப்பதிவாளரின் பங்கு என்னவென்று அப்போதுதான் முழுமையாகப் புரியும்.

இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை, தெரிந்தால் மிக நல்லது. லண்டன் மிஷன் காலத்திலிருந்து நான்கு குரல் பாட்டு வேரூன்றிய ஊர்களில், டானிக் சோல்ஃபா (ஸ்வரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை) பார்த்துப் பாடும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐந்துகோட்டுக் குறிப்பு படிக்கும் இளைஞர்களும் பெருகியிருக்கிறார்கள். மேலே சொன்ன கன்செர்ட்டோக்களின் குறிப்புகள் பதிப்புரிமை கடந்தவை என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுக்குறிப்பைத் திறந்தவுடன் இருபது வரிகளையும் பின்தொடர முயல வேண்டாம். முதல் முறை செல்லோ வரியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே செல்லுங்கள். இரண்டாம் முறை, கொயரில் நீங்கள் டெனர் பாடுபவராக இருந்தால் வயோலா வரியையும், பேஸ் பாடுபவராக இருந்தால் டபுள் பேஸ் வரியையும் பின்தொடருங்கள். எல்கரின் தொடக்கத்தில் அந்த வயோலா வரி எப்படித் தனியாக நிற்கிறது என்பதும், செல்லோவுக்கு இடம்விட மற்றவை எங்கெங்கே வாய்மூடுகின்றன என்பதும் தாளில் வெற்றிடங்களாகவே கண்ணுக்குத் தெரியும்.